சுங்குவார்சத்திரம்: நிற்க இடம் ஒதுக்காத வளர்ச்சி

சரக்கு லாரி 2.6 மீட்டர் அகலம் வரை இருக்கலாம் என்கிறது மோட்டார் வாகன விதி. நாற்பதடிப் பெட்டியை ஏற்றிய டிரெய்லர், இழுக்கும் வண்டியோடு சேர்த்தால் பதினைந்து மீட்டர் நீளத்தைத் தொடும். ஹைவே ஓரத்து சர்வீஸ் ரோடு ஏழு மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் ஒரு டிரெய்லர் நின்றால் மிச்சம் 4.4 மீட்டர். எதிர்ப்பக்கத்திலும் ஒன்று நின்றால் மிச்சம் 1.8 மீட்டர். கம்பெனி பஸ்ஸின் அகலமே இரண்டரை மீட்டர். பஸ் நுழையாது, ஆம்புலன்ஸ் நுழையாது. டூவீலர்காரரும், காய்கறிப் பையோடு வருகிற அம்மாவும், பள்ளிக்கூடப் பிள்ளையும் அந்தச் சந்துக்குள் ஒருவருக்கொருவர் ஒதுங்கி வழிவிட்டுத்தான் போகவேண்டும்.

சுங்குவார்சத்திரத்தில் குடியிருப்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டத் தேவையில்லை. சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் நடுவில் இருக்கும் கூட்டு ரோடு இது. மப்பேடு வழியாகத் திருவள்ளூருக்கு ஒரு சாலை பிரிகிறது. வாலாஜாபாத்துக்கு ஒரு சாலை பிரிகிறது. ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலை இங்கேதான். பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் டி.வி.யும் செய்யும் சாம்சங் தொழிற்சாலையும் இங்கேதான். கிழக்கே போனால் இருங்காட்டுக்கோட்டை, தெற்கே வல்லம் வடகால், ஒரகடம். நாட்டின் ஏற்றுமதிக் கணக்கில் இந்த வட்டாரத்தின் பெயர் பெரிதாக எழுதப்படுகிறது. அந்தப் பொருள்களை ஏற்றிப் போக வரும் லாரி எங்கே நிற்கும், அவற்றைச் செய்யும் தொழிலாளி எங்கே பஸ் ஏறுவார், சாலையின் இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் கடையும் வைத்திருப்பவர் எப்படிக் கடப்பார் என்ற கேள்விகள் மட்டும் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

ஊர்க்காரர்கள் சொல்லும் குறைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால் தனித்தனிச் சங்கதிகளாகத் தெரியும். சென்டர் மீடியனில் இருந்த திறப்பை அடைத்துவிட்டார்கள். மேம்பால வேலைக்காகப் போக்குவரத்தைத் திருப்பிவிட்டார்கள், எந்தப் பக்கம் போவது என்று போர்டு இல்லை. கடை வாசலில் கம்பெனி பஸ் நிற்கிறது, வியாபாரம் படுத்துவிட்டது. ராத்திரியில் லைட் போடாமல் லாரி நிற்கிறது. தெருவுக்குள் வாடகைக்கு இருக்கும் பிள்ளைகளின் பைக்குகள் வாசலை அடைத்து நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான். ஓடும் வண்டிக்காக மட்டும் சாலையைத் திட்டமிட்டார்கள். நிற்கும் வண்டியையும் நடக்கும் மனிதரையும் யாரும் திட்டத்தில் சேர்க்கவில்லை. தொழிற்சாலைக்கு நிலம் அளந்து கொடுத்த அன்றே அளந்திருக்கவேண்டிய இடம் அது. அன்று அளக்காததற்கான விலையை இன்று ஊர் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

லாரி ஏன் அங்கே நிற்கிறது?

லாரி டிரைவரைத் திட்டுவது எளிது. சாலையோரம் வண்டியைப் போட்டுவிட்டு, அடியில் பாயை விரித்துப் படுத்திருக்கும் அந்த மனிதர் அங்கே விரும்பியா வந்து நிற்கிறார்?

இன்றைய கார், செல்போன் தொழிற்சாலைகள் உதிரிபாகங்களை மாதக்கணக்கில் வாங்கிக் குவித்து வைப்பதில்லை. தேவைப்படும் நேரத்துக்குத் தேவைப்படும் அளவு மட்டும் உள்ளே வரவேண்டும். ஜப்பானில் டொயோட்டா வளர்த்தெடுத்த இந்த முறை இப்போது உலகமெங்கும் இருக்கிறது. கிடங்குக்கு ஆகும் செலவு மிச்சம், முதலீடு முடங்காது. ஆனால் சரக்கு ஏதோ ஓரிடத்தில் காத்திருந்தாகவேண்டும். முன்பு தொழிற்சாலை மதில் சுவருக்குள் கிடங்கில் காத்திருந்த சரக்கு, இப்போது லாரியிலேயே காத்திருக்கிறது. லாரியே நடமாடும் கிடங்கு ஆகிவிட்டது. தாமதமாக வந்தால் உள்ளே உற்பத்தி நிற்கும், அந்தப் பழி டிரைவர் தலையில் விழும். அதனால் அவர் சில மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுகிறார். கேட்டில் டோக்கன் கிடைக்கும்வரை, பில் சரிபார்க்கும்வரை, இறக்குமிடம் காலியாகும்வரை அவர் நின்றாகவேண்டும். உள்ளே இடம் இல்லையென்றால் ரோட்டில் நிற்கிறார்.

துறைமுகத்துக்குப் போகும் வண்டிக்கு வேறு கஷ்டம். சென்னை நகருக்குள் கனரக வாகனங்கள் பகலில் நுழையக் கட்டுப்பாடு உண்டு. அந்த நேரம் முடியும்வரை அந்த டிரைவரும் நகருக்கு வெளியே எங்காவது நிற்கவேண்டும்.

இதில் சட்டமே அவரை நிற்கச் சொன்னது என்பதையும் கவனிக்க வேண்டும். 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது, குறைந்தது அரை மணி நேரம் ஓய்வு வேண்டும் என்று வகுத்தது. நியாயமான ஏற்பாடு. தூக்கக் கலக்கத்தில் ஓட்டும் டிரைவர் தனக்கும் ஆபத்து, எதிரே வருபவருக்கும் ஆபத்து. ஆனால் வண்டியை நிறுத்தி, முகம் கழுவி, கழிப்பறை போய், காலை நீட்டிப் படுக்க அவருக்கு ஓர் இடம் காட்டினோமா? வடமாநிலத்திலிருந்து நாள்கணக்கில் ஓட்டிக்கொண்டு வரும் மனிதர் புளியமரத்தடியைத் தேடுவதும், அங்கே அசுத்தம் செய்வதாகக் குடியிருப்பவர்கள் சண்டைக்குப் போவதும், இரண்டு பக்கமும் நியாயமுள்ள சண்டை. சண்டைக்குக் காரணமானவர்கள் அந்த இடத்திலேயே இல்லை.

இரவில்தான் இது உயிர்ப்பிரச்சினை ஆகிறது. பின்பக்கச் சிவப்பு ஸ்டிக்கர் மங்கி, பார்க்கிங் லைட்டும் போடாமல் நிற்கும் டிரெய்லரின் பின்பாகம், இரண்டாவது ஷிப்ட் முடித்து டூவீலரில் திரும்பும் பையனின் கண்ணுக்குக் கடைசி நொடியில்தான் தெரியும். எதிரே வரும் வண்டியின் ஹெட்லைட் கண்ணைக் கூசவைத்தால் அதுவும் தெரியாது. 2022-இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன; நாட்டிலேயே அதிக எண்ணிக்கை அது. இறந்தவர்கள் 17,884 பேர். நின்றுகொண்டிருக்கும் வண்டியின் பின்னால் மோதி இறப்பது இந்தத் தொழில் வட்டாரத்தில் யாருக்கும் புதிய செய்தி இல்லை. செத்தவர் வேகமாக வந்தார், ஹெல்மெட் போடவில்லை என்று முடித்துவிடுவது வழக்கம். அந்த லாரி ஏன் அங்கே நின்றது என்ற கேள்வி விசாரணையிலும் செய்தியிலும் விடுபட்டுப் போகிறது.

கம்பெனி பஸ்ஸும் கடைக்காரரும்

ஷிப்ட் மாறும் நேரத்தில் கூட்டு ரோட்டில் நின்று பார்த்தால் இந்த வட்டாரம் எதனால் ஓடுகிறது என்று புரியும். விடிவதற்கு முன்பே கழுத்தில் ஐ.டி. கார்டும் தோளில் சாப்பாட்டுப் பையுமாகப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து நிற்கிறார்கள். பஸ் கண்ணாடியில் கம்பெனி பெயரும் ரூட் நம்பரும் ஒட்டியிருக்கும். அதைத் தூரத்திலேயே படித்துவிட்டுச் சாலைக்குள் இறங்கிக் கையைக் காட்டுகிறார்கள். பஸ் ஓரம் கட்டுவதில்லை, கட்ட இடமும் இல்லை, ஓடுபாதையிலேயே நிற்கிறது. அதன் பின்னால் இன்னொரு கம்பெனியின் பஸ். அதற்கும் பின்னால் அரசுப் பேருந்து ஹாரன் அடிக்கிறது. இதற்கு நடுவில் ஷேர் ஆட்டோ புகுந்து ஆளை ஏற்றுகிறது. கால் மணி நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்களை ஏற்றி இறக்க வேண்டிய இடத்தில் ஒரு நிழற்குடைகூடச் சரியாக இல்லை என்பதுதான் நிலைமை.

இறக்கிவிட்ட பஸ் அடுத்த ஷிப்ட் வரை எங்கே போகும்? டீசல் செலவைப் பார்த்து டிரைவர் பக்கத்திலேயே எங்காவது நிறுத்துகிறார். அது ஒரு மளிகைக்கடையின் முன்னால் அமைந்துவிட்டால் அன்றைக்கு அந்தக் கடை இருப்பதே வெளியே தெரியாது. சாலை விரிவாக்கத்தில் கடையின் முன்பகுதியைக் கொடுத்தவர்கள், மேம்பால வேலையின் தூசியிலும் பள்ளத்திலும் வாடிக்கையாளரை இழந்தவர்கள், இப்போது இதையும் தாங்க வேண்டியிருக்கிறது. டூவீலரை நிறுத்த இடமில்லாத கடைக்கு யாரும் வருவதில்லை. வருகிறவர் சாலையில் நிறுத்தினால் போலீஸ் அபராதம் போடுகிறது. நாற்பதடி டிரெய்லர் நிற்கும் அதே சாலையில் கால் கிலோ தக்காளி வாங்க வந்தவருக்கு அபராதம் என்றால், அந்தக் கோபத்தைக் குறை சொல்ல முடியாது.

ஊர்க்காரர்களும் முழுக்க ஒரே பக்கத்தில் நிற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வீட்டு உரிமையாளர்கள் மாடி மேல் மாடி எழுப்பி அறை அறையாக வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். ஓர் அறையில் மூன்று பேர், நான்கு பேர். அவர்களின் பைக் நிற்பதற்கென்று பல வீடுகளில் ஓர் அடி நிலம்கூட விடவில்லை. பத்தடித் தெரு இரவில் பைக் ஸ்டாண்டு ஆகிவிடுகிறது. அவசரத்துக்கு ஆட்டோ உள்ளே வர முடியாமல், முடியாதவரைக் கட்டிலோடு தெருமுனைக்குத் தூக்கி வரவேண்டிய நிலைக்கு வாடகை வாங்குபவர்களும் பொறுப்பு. இதை ஊருக்குள்ளேயே பேசித் தீர்க்க முடியும், தீர்க்கவும் வேண்டும்.

மனுவை யாரிடம் கொடுப்பது?

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2021 அக்டோபரில் நடந்தது. அப்போது ஓட்டுப் போட்டவர்களுக்குத் தெரிந்த முதல் அலுவலகம் ஊராட்சி மன்றம்தான். அங்கே போனால் கைவிரிக்கிறார்கள். பொய்யில்லை. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994, கிராமச் சாலைகளைத்தான் கிராம ஊராட்சியின் பொறுப்பில் விடுகிறது. தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, ஊராட்சி ஒன்றியச் சாலை ஆகியவை அதில் சேராது. ஹைவேயும் சர்வீஸ் ரோடும் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துடையவை. பிரிந்துபோகும் பெரிய சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையிடம். தொழிற்பூங்காவுக்குள் அரசு நிறுவனமான சிப்காட். வண்டியை எடுக்கச் சொல்லவும் அபராதம் போடவும் போலீஸ். பஸ்ஸுக்கும் லாரிக்கும் பெர்மிட் கொடுப்பது வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். ஒரு லாரி பெங்களூரு ஹைவேயில் இறங்கி கம்பெனி கேட்டை அடைவதற்குள் இத்தனை பேரின் எல்லையையும் கடந்துவிடுகிறது. அது தப்பான இடத்தில் நின்றால் மட்டும் எல்லோருடைய எல்லையும் பக்கத்து அலுவலகத்தோடு முடிந்துவிடுகிறது.

மீடியன் திறப்பை அடைப்பதும் இப்படித்தான் நடக்கிறது. அடைப்பதற்குக் காரணம் உண்டு: நூறு கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஓடும் சாலையில் குறுக்கே திரும்பும் இடம் விபத்துக்கு அழைப்பு. 2002-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் நில, போக்குவரத்துக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, ஹைவேயில் ஏறுவதற்கான வழியே அனுமதிக்கு உட்பட்டதுதான். ஆனால் அடைத்த பிறகு அந்த ஊர்க்காரர் எந்த வழியாகப் போவார் என்று யோசித்துவிட்டு அடைத்திருக்க வேண்டும். யூ டர்ன் கிலோமீட்டர் கணக்கில் தள்ளிப் போய்விட்டால், சைக்கிளில் போகும் பெரியவர் அவ்வளவு தூரம் மிதித்துத் திரும்பி வரமாட்டார். ராங் சைடில்தான் வருவார். நடந்து போகிறவர் டிவைடர் ஏறிக் குதிப்பார். விபத்தைத் தடுக்கச் செய்த மாற்றம் விபத்தை இன்னொரு இடத்துக்கு நகர்த்திவிட்டு நிற்கும். அடைப்பதற்கு ஒரு வாரம் முன்பு ஊரில் நான்கு பேரைக் கூட்டிவைத்துக் கேட்டிருந்தாலே எந்த இடத்தில் சுரங்க நடைபாதை வேண்டும், எந்த இடத்தில் நடை மேம்பாலம் ஏற முடியாத வயதானவர்கள் அதிகம் என்று சொல்லியிருப்பார்கள்.

இந்தச் சாலையின் பாடு நீதிமன்றம்வரை போனது. மதுரவாயலுக்கும் வாலாஜாவுக்கும் இடையே சாலை மோசமாக இருப்பதைப் பார்த்து, அதைச் சரிசெய்யும்வரை வழியிலுள்ள இரண்டு சுங்கச்சாவடிகளிலும் பாதிக் கட்டணம்தான் வாங்கவேண்டும் என்று 2020 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பிறகு முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலினே, இந்தச் சாலையின் நிலையால் அவ்வழி மாவட்டங்களுக்கு ரயிலில் போகவேண்டியதாயிற்று என்று ஒன்றிய அமைச்சர் நிதின் கட்கரிக்குக் கடிதம் எழுதினார். முதலமைச்சருக்கு ரயில் இருந்தது. சுங்குவார்சத்திரத்துக்கு ரயில் பாதை கிடையாது.

2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் தொழிலாளர்கள், பெரும்பாலும் இளம்பெண்கள், விடுதிச் சாப்பாடு விஷமாகிப் பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்த கொதிப்பில், இதே பெங்களூரு ஹைவேயில் உட்கார்ந்தார்கள். சாலை ஸ்தம்பித்த பிறகுதான் நாடு அவர்களைத் திரும்பிப் பார்த்தது. தொழிற்சாலை மூடப்பட்டு, 2022 ஜனவரியில்தான் திறந்தது. சாலைக்கும் அந்தப் போராட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று தோன்றலாம். கேட்பதற்கு ஆளில்லாத இடத்தில் மக்கள் கடைசியாக உட்காருவது சாலையில்தான். அந்த நிலை வரும்வரை காத்திருப்பது அரசு நிர்வாகத்துக்கு அழகல்ல.

அந்தப் போராட்டத்துக்குப் பிறகு நடந்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்லவேண்டும். வல்லம் வடகாலில் சிப்காட் 706.50 கோடி ரூபாயில் 18,720 படுக்கைகள் கொண்ட தொழிலாளர் விடுதியைக் கட்டியது. 2024 ஆகஸ்ட் 17-ஆம் தேதி அது திறக்கப்பட்டது. வேலை செய்யும் இடத்துக்கு அருகிலேயே தங்கினால் நெடுந்தூர பஸ் பயணம் குறையும், சாலையில் பஸ்ஸும் குறையும். தொழிலாளி தூங்கும் இடமும் தொழில் கட்டமைப்பின் பகுதிதான் என்று அரசு ஒத்துக்கொண்டதன் அடையாளம் அந்தக் கட்டடம். படுக்கைக்குச் செய்ததை வண்டிக்கும் செய்யலாம். பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு விடுதி கட்டத் தெரிந்த நிர்வாகத்துக்கு, கழிப்பறை, குளியலறை, உணவகம், விளக்கு வெளிச்சத்தோடு ஒரு லாரி பேட்டை அமைப்பது கைமீறிய வேலை இல்லை. டோக்கன் கிடைத்ததும் போனில் தகவல் வர, பேட்டையிலிருந்து நேராக கேட்டுக்குப் போகும்படி செய்தால் சாலையில் காத்திருக்கும் வேலையே டிரைவருக்கு இராது.

யார் செலவு செய்வது என்று கேட்பார்கள். ஜப்பானில் 1962-இலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது: வண்டியை நிறுத்த ஓர் இடம் இருக்கிறது என்று போலீஸிடம் சான்று வாங்கினால்தான் காரைப் பதிவு செய்ய முடியும். பொதுச் சாலையை யாரும் தன் கொட்டகையாகப் பயன்படுத்தக்கூடாது என்பது அதன் அடிப்படை. யமஹா போன்ற ஜப்பானியப் பெயர் தாங்கிய நிறுவனங்கள் இந்த வட்டாரத்திலேயே இருக்கின்றன. தங்கள் நாட்டில் கடைப்பிடிக்கும் ஒழுங்கை இங்கே கேட்டால் அவை மறுக்க நியாயம் இல்லை. ஒரு தொழிற்சாலைக்கு நாளொன்றுக்கு எத்தனை லாரி வரும் என்பது உற்பத்தித் திட்டத்திலேயே இருக்கும் கணக்கு. அதில் ஒரே நேரத்தில் காத்திருக்கக்கூடியவை எத்தனை என்று பார்த்து, அத்தனைக்கும் மதிலுக்குள்ளோ பொதுப் பேட்டையிலோ இடம் காட்டினால்தான் அனுமதி என்று இனி வரும் ஒதுக்கீடுகளில் எழுதவேண்டும். ஏற்கெனவே இயங்குபவை பேட்டைக்கான செலவில் பங்கு கொடுக்கட்டும். ஊரின் சாலையை இத்தனை ஆண்டுகள் இலவசக் கிடங்காகப் பயன்படுத்தியதற்கு அது பெரிய தொகை ஆகாது.

இன்னும் பெரிய மாற்றங்கள் வந்துகொண்டிருக்கின்றன. பூந்தமல்லியிலிருந்து பரந்தூர் விமான நிலையத் திட்டப் பகுதிவரை மெட்ரோ ரயில் திட்டம் தீட்டப்பட்டிருக்கிறது. அதன் முதல் கட்டம் பூந்தமல்லி–சுங்குவார்சத்திரம்: 27.9 கிலோமீட்டர், 14 நிலையங்கள், மதிப்பு 8,779 கோடி ரூபாய். மப்பேட்டில் பல்முனைச் சரக்குப் பூங்காவுக்கு 2022 மே 26-இல் பிரதமர் மோடி அடிக்கல் நாட்டினார். அது முழுதாக இயங்கினால் மப்பேட்டிலிருந்து வரும் லாரிகள் இந்தக் கூட்டு ரோட்டைத் தொடும். மெட்ரோ வந்தால் நிலையத்துக்கு வரும் டூவீலர்கள் எங்கே நிற்கும், பஸ் எங்கே திரும்பும் என்பதை இப்போதே வரைபடத்தில் குறிக்கவேண்டும். தூண் எழும்பிய பிறகு இடம் தேடினால் மறுபடியும் கடை வாசல்தான் கிடைக்கும்.

சட்டம் ஊருக்கு ஒரு பிடியைக் கொடுத்திருக்கிறது. அதைப் பலர் பயன்படுத்துவதில்லை. மோட்டார் வாகனச் சட்டம், 1988, 117-ஆவது பிரிவு, வண்டிகள் நிற்கும் இடத்தையும் பேருந்துகள் நிறுத்தும் இடத்தையும் மாநில அரசோ அது அதிகாரமளித்த அமைப்போ, அந்தப் பகுதி உள்ளாட்சியைக் கலந்து முடிவு செய்யலாம் என்கிறது. 2019 திருத்தம் அதில் சாலையைப் பயன்படுத்துவோரின் பாதுகாப்புக்கு முதலிடம் தரவேண்டும் என்று சேர்த்தது. வண்டிப்பேட்டை அமைப்பது கிராம ஊராட்சி விரும்பினால் செய்யக்கூடிய வேலை என்று ஊராட்சிகள் சட்டமும் சொல்கிறது. நடைபாதை நடப்பவர்களின் உரிமை, அது வாழ்வுரிமையைச் சேர்ந்தது என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கைத் தொடுத்தவர் கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன். விபத்தில் நொறுங்கி வந்தவர்களைப் பார்த்துப் பார்த்து நீதிமன்றத்துக்குப் போன மருத்துவர் அவர்.

கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கூட்டு ரோட்டை ஒட்டிய ஊராட்சிகள் எல்லாம் ஒரே நாளில் ஒரே வாசகத்தில் தீர்மானம் போடலாம். லாரி பேட்டைக்கு இடம், கம்பெனி பஸ்களுக்கு ஓடுபாதையை விட்டு விலகிய நிறுத்தம், சாலையைக் கடக்கப் பாதுகாப்பான வழி, இனிமேல் எந்தத் திறப்பை அடைக்கும் முன்பும் ஊரில் கருத்துக் கேட்பு என்று நான்கையும் எழுதி, 117-ஆவது பிரிவைக் குறிப்பிட்டு, மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவரான ஆட்சியருக்கும், சிப்காட்டுக்கும், நெடுஞ்சாலை ஆணையத்தின் திட்ட இயக்குநருக்கும் ஒரே நாளில் அனுப்ப வேண்டும். லாரிகள் எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் நிற்கின்றன என்று ஒரு வாரம் குறித்த கணக்கையும், தேதி பதிந்த போட்டோக்களையும் தீர்மானத்தோடு இணைக்கலாம். தீர்மான நகலைக் கையெழுத்தோடு கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப்போட அதுதான் ஆதாரம்.